தொட்டி பழகும் வரை

உப்புத்தண்ணீர் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, முதல் நாளே மீன் வாங்கிவிடுவது. நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நீங்கள் என் வீட்டுக்கு வந்த அன்று தொட்டிக்கு முன்னால் நின்று, "அவசரக்காரன் வேலை மாதிரி தெரியலையே" என்று உங்களோடு வந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதான். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எந்த அவசரமும் கிடையாது.

நடந்ததை ஆதியோடந்தமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். தாள் போதாவிட்டால் கேட்கவும் சொன்னீர்கள். போதும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு நாற்காலிகள் உள்ள ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தண்ணீர் அறை என் பொறுப்பு. பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் சாய்ந்திருப்பார்கள். அவர்களுடைய இரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போகும். ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரில் அழுக்கை விட்டுவிட்டுத் திரும்பி வரும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைச் சுத்தம் செய்து அனுப்புகிறவன் நான். நர்சுகள் என்னைத் தண்ணிக்காரர் என்பார்கள். "அவரு எப்பவும் தண்ணியிலதான் இருப்பாரு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவனில்லை. இருந்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஊர்க் குழாயில் வரும் தண்ணீர் முதலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு நீல உருளைக்குள் போகும். அதற்குள் இருப்பது கரி. கிருமி சாக ஊர்த் தண்ணீரில் போடும் குளோரினைப் பிடித்து வைப்பது அந்தக் கரிதான். அடுத்து இருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எடுக்கும், சுண்ணாம்பை எடுக்கும். எங்கள் ஊரில் போடுகிற குளோரின் வகையை மட்டும் அது விட்டுவிடும். கரி தீர்ந்துபோனால் அந்த மருந்து நேரே நோயாளியின் இரத்தம் வரைக்கும் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் தினமும் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன்னால், ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ரோஸ் நிறம் வந்தால் எதையும் ஓட்டக் கூடாது.

பதின்மூன்று வருடம் தவறாமல் பார்த்தேன். ஒரு நாள்கூட நிறம் மாறவில்லை. நாலாயிரம் தடவை ஒரே பதிலைச் சொன்ன ஆளிடம் போய் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்? போன வருடம் ஒரு நாள் கேட்காமல் விட்டேன். வானம் இடிந்து விழவில்லை. பிறகு சனிக்கிழமை மாலையில் ஆறு நாளுக்கும் சேர்த்து 'இல்லை' எழுதிக் கையெழுத்துப் போடுவது பழக்கமாகிவிட்டது. இதை நான் மறைக்க முயன்றதில்லை. கேட்கத்தான் யாரும் இல்லை.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் ஒரு அறை காலியானது. மனைவி அங்கே தையல் மெஷின் போடலாம் என்றாள். நான் மீன் தொட்டி வாங்கினேன்.

மீன் கடைக்காரருக்குப் பெரிய தாடி. அவர் முதல் நாள் எனக்கு மீனே காட்டவில்லை. "உப்புத்தண்ணி தொட்டின்னா மொதல்ல தண்ணிய வளக்கணும் சார். மீன் அப்புறம்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. கடல் பாறை, மணல், உப்புப் பொடி, உப்பின் அளவைப் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி எல்லாம் கொடுத்தார். தொட்டியில் உப்புத்தண்ணீரை நிரப்பி, ஒரு துண்டு இறாலைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இறால் அழுகும். அதிலிருந்து அமோனியா என்கிற விஷம் வரும். அந்த விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பாறையில் குடியேறும். அவை போதுமான அளவு பெருகிவிட்டால் அமோனியா பூஜ்யத்துக்கு இறங்கும். அதைத்தான் தொட்டி பழகுவது என்கிறார்கள். ஆறு வாரம் ஆகும்.

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டேன்னு அவசரப்பட்டு மீன் போட்டு, செத்த மீனோட இங்க வந்து நிப்பாங்க. நீங்க அப்படி வராதீங்க" என்றார். "ஒரு நோட்டு போடுங்க. தினம் என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. ஒரு நாள் விட்டாலும் தொட்டி காட்டிக் குடுத்துடும்."

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். தண்ணீருக்கு நான் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. நிலையத்தில் இருப்பதைவிடச் சுத்தமான தண்ணீர் ஊரில் கிடையாது. தினமும் வீட்டுக்குத் திரும்பும்போது இருபது லிட்டர் கேன் இரண்டு கொண்டுபோவேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள், அதனால் கேட்க அவசியம் ஏற்படவில்லை.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று தெரியும்.

மூன்றாவது நாற்காலி அவருடையது. செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் வேளை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒடிசலான உடம்பு, கணீர் குரல். நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தார். மற்ற நோயாளிகளுக்கு நர்சைத் தெரியும், டாக்டரைத் தெரியும். தண்ணீர் அறைக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்திருந்தது டீச்சருக்கு மட்டும்தான். நாற்காலியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டு அந்த நீல உருளை என்ன செய்கிறது, கரி எப்படிப் பிடிக்கிறது என்று கேட்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் சொல்லிக் கேட்கப் பிடிக்கும். எனக்கும் சொல்லப் பிடிக்கும். தொட்டி வாங்கிய செய்தியை மகளுக்குச் சொல்வதற்கு முன்பே அவருக்குத்தான் சொன்னேன். அவருடைய தம்பி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் தொட்டிக்கு மேல்மூடி அறுத்துக் கொடுத்தது அவர்தான்.

தொட்டியில் இறாலைப் போட்ட மறுநாள் டீச்சர் கேட்டார்.

"என்ன தண்ணிக்காரரே, மீன் வந்தாச்சா?"

"தொட்டி பழகணும் டீச்சர். ஆறு வாரம் ஆகும்."

"எனக்கு ஏழு வாரம்" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "தம்பியோட கிட்னி எனக்குப் பொருந்துதாம். ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. ஏழாவது வாரம் முடிஞ்சு புதன்கிழமை."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்."

"நாலு வருஷமா டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணிதான் குடிக்கிறேன். ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு சொம்பு தண்ணிய ஒரே மூச்சுல குடிக்கணும். அதத் தவிர இந்த ஜென்மத்துல எனக்கு ஒரு ஆசையும் இல்ல."

அவருக்கு அந்த ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, எழுதி வைக்கிறேன்.

மூன்று வாரம் போனது. அமோனியா இறங்கவே இல்லை. நோட்டில் தினமும் ஒரே எண். கடைக்காரர், "ஒரு முரட்டு மீனைப் போட்டுப் பாருங்க சார். இது தாங்கலன்னா எதுவும் தாங்காது" என்று நீலமாக ஒரு சின்ன மீனைக் கொடுத்தார். சோதனைக்கென்றே விற்கிற மீன் அது. ஒரே நாளில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே செத்துப்போனது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. டீச்சரிடம் சொன்னேன், அவரும் உச்சுக்கொட்டினார்.

கடைக்காரர் கேட்டார்: "தண்ணி எங்க புடிக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரியில. மனுஷன் ரத்தத்துக்கே போற தண்ணி."

"குளோரின் பாத்தீங்களா? அது இருந்தா பாறையில ஒரு உயிரும் குடியேறாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் காலை, ஒரு வருடத்துக்குப் பிறகு, குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டேன். ரோஸ் நிறம் வந்தது. லேசானதுதான். குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் வந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்பார்களே, அதுதான். நான் அறை நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். தலைமை நர்சான பெரிய சிஸ்டரிடம் சொன்னால் நிலையத்தை மூடுவார்கள். பதிவேட்டை எடுப்பார்கள். எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். நேற்றாகவும் இருக்கலாம், பத்து மாதமாகவும் இருக்கலாம். கேன் விஷயமும் வரும். நான் எடுத்த தண்ணீரால்தான் கரி சீக்கிரம் தீர்ந்தது என்று எவனாவது ஒருவன் கணக்குப் போடுவான். அது தப்பான கணக்கு, ஆனால் போடுவான். மாற்றுக் கரி இரண்டு மூட்டை பண்டக அறையில் இருந்தது. அதை மாற்றும் தேதி எட்டு வாரம் தள்ளி இருந்தது. முன்கூட்டி மாற்றினால் காரணம் எழுதிப் பெரிய சிஸ்டரின் கையெழுத்து வாங்க வேண்டும்.

எட்டு வாரம் என்பது நீண்ட காலமில்லை என்று எனக்குத் தோன்றியது. நிறமும் லேசானதுதான். அப்போது வெளியே முதல் நோயாளி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பம்பைப் போட்டேன்.

வீட்டுப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. குளோரினை முறிக்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, கடைக்காரர் கொடுத்தார். கேனுக்கு நாலு சொட்டு விட்டால் போதும். தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினேன். பத்தே நாளில் அமோனியா இறங்க ஆரம்பித்தது. அந்த மருந்தை நிலையத்துத் தண்ணீரில் ஊற்றியிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். ஐயா, அது மீனுக்கான மருந்து. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்படாதது. அப்படிப் பொறுப்பில்லாமல் நான் எதையும் செய்ய மாட்டேன்.

ஒரு நல்லதும் நடந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் தண்ணீரைச் சோதிக்கத் தொடங்கினேன். எத்தனை சொட்டு விடுவது என்று தெரிய வேண்டுமே. மீன் நோட்டில் 'லேசான ரோஸ்' என்றோ 'ரோஸ்' என்றோ எழுதுவேன். நிலையத்துப் பதிவேட்டில் வழக்கம்போல 'இல்லை'.

நாலாவது வாரம் நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை வந்தது. எல்லோருக்கும் இரத்தம் குறைந்திருந்தது. சிலருக்குக் கொஞ்சம், டீச்சருக்கு நிறைய. அவர் உடம்பு சிறியது, அதனால் இருக்கலாம். டாக்டர், இரத்தம் ஊறப் போடும் ஊசியின் மேல் சந்தேகப்பட்டார். அந்த ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு இளம் நர்சின் வேலை. பெரிய சிஸ்டர் என்னிடமும் கேட்டார். ஒருநாள் கதவு லேசாகத் திறந்திருந்ததாக ஞாபகம் என்று சொன்னேன். ஃப்ரிட்ஜ் கதவு என்றால் எப்போதாவது திறந்துதானே இருக்கும். அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் எப்படியும் சொந்த ஊருக்குப் போக நினைத்துக்கொண்டிருந்தவர்தான்.

டீச்சருக்கு வேறு இரத்தம் ஏற்றவும் டாக்டர் தயங்கினார். வெளி இரத்தம் உள்ளே போனால் உடம்பு விழித்துக்கொண்டு, தம்பியின் சிறுநீரகத்தை வேண்டாம் என்று தள்ளிவிடலாமாம். ஹீமோகுளோபின் ஏழரை இருந்தது அவருக்கு. ஏழுக்குக் கீழே இறங்கினால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் நாள் எண்ண ஆரம்பித்தார். வாசல் படி மூன்றுதான். அதை ஏறிவிட்டு வாசலிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்.

ஆறாவது வாரக் கடைசியில் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் எழுத வேண்டும். அது எனக்குச் சாதகமான விஷயம். அன்று நிலையம் விடுமுறை. யாருக்கும் தெரியாமல் கரியை மாற்றிவிடலாம் என்று காலை எட்டு மணிக்கே போனேன். எனக்கு மனசாட்சி இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மூட்டையையும் தோளில் சுமந்து தண்ணீர் அறைக்குக் கொண்டுவந்தேன். வால்வை மூடி, உருளையின் மூடியில் நான்கு போல்ட்டைக் கழற்றினேன். இன்னும் நான்கு இருந்தன.

அப்போது கடைக்காரர் போன் செய்தார். நான் சொல்லி வைத்திருந்த கோமாளி மீன் ஜோடி வந்துவிட்டதாம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. "இன்னொருத்தர் கடையிலயே நிக்கிறார் சார். பத்து மணிக்குள்ள வந்தா உங்களுக்கு."

கரி மாற்றுவது ஐந்து மணி நேர வேலை. பழையதை வாரி எடுத்து, புதியதைப் போட்டு, கறுப்புத் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். மீனோ பையில் காத்திருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட வேண்டும். இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். சட்டென்று வேறு தண்ணீரில் போட்டால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட காரியம். போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினேன். மூட்டைகளைப் பண்டக அறையில் வைத்தேன். அடுத்த ஞாயிறு வராமலா போய்விடும் என்று கிளம்பினேன்.

இரண்டு மீனும் பிழைத்துக்கொண்டன. முதல் ஜோடியே பிழைப்பது அபூர்வம், உங்களுக்குக் கைராசி இருக்கிறது என்றார் கடைக்காரர். மனைவிகூட அன்று சாயங்காலம் அறைக்குள் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை டீச்சருக்குச் சந்தோஷமாக அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. "அந்த நீல மீன் செத்துச்சே, மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுன்னு சொன்னீங்களே" என்றார்.

"ஆமா டீச்சர்."

"எனக்கு இப்போ படி ஏறினா அப்படித்தான் இருக்கு. அதுக்கு எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவர் அல்லவா. நான் உருளையைப் பற்றி அத்தனை விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"ஊர்க் குழாய்த் தண்ணி டீச்சர். அதான் செத்துப்போச்சு."

"இங்க தினம் பாக்கறீங்கல்ல?"

"தினம் பாக்கறேன்" என்றேன். அப்போது அது உண்மை.

"தம்பி பயப்படறான். ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னும் மூணே தடவதான், அதப் பெரிய ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கலாம்கா, கார் வச்சிருக்கேன்னு சொல்றான். எனக்கு உங்கள எல்லாம் விட்டுட்டுப் போக மனசில்ல. ஒரே ஒரு தடவ என் கண்ணு முன்னால பாத்துக் காட்டுங்களேன். பழைய வாத்தியார் புத்தி. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு டீச்சர். தண்ணி புடிச்சிட்டு வரேன்."

அவர் வேறு இடத்துக்குப் போய் அங்கே இரத்த அளவு கூடினால் இங்கே என்ன குறை என்று கேட்பார்கள். அது ஒரு யோசனை. இன்னொரு யோசனை, மூன்றே தடவைதானே என்பது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, எது முன்னால் என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் அறைக்குப் போய்க் குப்பியில் தண்ணீர் பிடித்தேன். மீன் மருந்து என் பையில்தான் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். வெளியே வந்து, அவருக்கு முன்னால் மாத்திரையைப் போட்டு, குலுக்கி, குப்பியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை.

"உங்கள வீணா சந்தேகப்பட்டுட்டேன்" என்றார். என் எதிரிலேயே தம்பிக்குப் போன் செய்தார். "வேணாம்டா, இங்கேயே இருக்கேன். தண்ணி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நமக்குத் தெரிஞ்சவர்தான் பாத்துக்கறாரு."

நான் குப்பியை வாங்கிக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை முழுக்க மழை. மழை பெய்தால் ஊர்த் தண்ணீரில் மருந்தைக் கூட்டிப் போடுவார்கள். வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டேன். குலுக்குவதற்கு முன்பே அடர்த்தியாக ரோஸ் நிறம் ஏறிவிட்டது. அப்படி ஒரு நிறத்தை நான் பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தே முக்காலுக்கு வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டீச்சரைத் தம்பி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். டீச்சர் தண்ணீர் அறைப் பக்கம் திரும்பி எனக்குக் கையசைத்தார்.

ஆறு மணிக்குப் பம்பைப் போட்டேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்றாவது நாற்காலிக்காரர் முதுகு வலிக்கிறது என்றார். டீச்சருக்கு மூச்சு முட்டியது. குழாயில் வருகிற இரத்தம் கறுத்துத் தெரிகிறது என்று பெரிய சிஸ்டர் கத்தினார். எல்லா இயந்திரத்தையும் நிறுத்தினார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தது நான்தான். இதை அங்கே இருந்த யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் கேட்கலாம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகையில் நிலையத்தைப் பற்றி 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று போட்டிருந்தார்கள். நான் எதையும் மேயவில்லை. வேலி ஓரிடத்தில் பிய்ந்திருந்தது, எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய தம்பி என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா உங்களத்தான் நம்பிட்டு இருந்துச்சு" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யான அழுகை இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். பதிவேட்டைப் பார்த்தீர்கள், அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு சும்மா விசாரிக்க என் வீட்டுக்கு வந்தீர்கள், தொட்டியைப் பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்த நோட்டைப் புரட்டினீர்கள். இன்று காலை அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்து, இது உன் கையெழுத்தா என்று கேட்டீர்கள்.

என்னுடையதுதான். காலை ஐந்து பத்துக்கு எழுதியது. 'அடர் ரோஸ். நாலு சொட்டுக்கு முறியாது. இன்று தண்ணீர் எடுக்க வேண்டாம். மீனுக்கு ஆகாது.' அதை எழுதி நோட்டைப் பையில் வைத்துவிட்டு, பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் பம்பைப் போட்டேன். எல்லாம் தெரிந்தேதான் போட்டேன். இதில் எந்தக் குழப்பமும் வேண்டாம்.

ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே காலையில் அங்கே பொய் எழுதியவன், இங்கே மட்டும் ஏன் உண்மையை எழுதினாய் என்று கேட்டீர்கள். உங்களைப் போலப் படித்தவர்கள் இதைக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மீன் நோட்டில் பொய் எழுதக் கூடாது, ஐயா. எழுதினால் மீன் செத்துப்போகும்.